1920களின் தொலைதூர வாத்துத் துப்பாக்கிகள்: இன்று அவற்றைச் சுடலாமா, சுடுவதாயின் எப்படி?

கிளுவை (தொடக்கப் பதிவு)

வணக்கம். இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையோரம் ஆல்ட்டன் நகருக்கு அருகில் வசிக்கிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் என்னை முதன்முதலாக வாத்து வேட்டைக்கு அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சென்ற மாதம் தம் துப்பாக்கியை என்னிடம் ஒப்படைத்து, நான் கொடுத்த தொகையை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது நியூயார்க் மாநிலத்தின் ஃபுல்ட்டன் ஊரில் ஹண்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் செய்த எல்.சி. ஸ்மித் இரட்டைக் குழல் துப்பாக்கி. 12 கேஜ், அதாவது நம் ஊர் வழக்கில் 12 போர். குழல்களின் நீளம் 32 அங்குலம், இரண்டுமே ஃபுல் சோக், அதாவது ரவை சிதறாமல் போக வாய்ப்பகுதியை நன்றாக இறுக்கிச் செய்தவை. குழலின் மேல் ‘லாங் ரேஞ்ச்’ என்ற முத்திரை தேய்ந்தும் தேயாமலும் தெரிகிறது.

இதைக் காட்சிப் பொருளாக வைத்திருக்க எனக்கு மனமில்லை. அவர் அறுபது பருவங்கள் சுட்ட துப்பாக்கியை நான் ஒரு பருவமாவது சுட வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் பக்கத்து நகரக் கடையில் விசாரித்தபோது, 3 அங்குலத் தோட்டா எதுவானாலும் போடலாம், எஃகு ரவையும் (ஈயத்துக்குப் பதில் எஃகால் செய்த சிறு குண்டுகள்) போடலாம் என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டார்கள். எனக்கு ஏதோ உறுத்தியதால் வாங்காமல் திரும்பினேன். ‘லாங் ரேஞ்ச்’ என்று ஏன் பெயரிட்டார்கள், சாதாரண 12 கேஜைவிட இதில் எது வேறு, இன்று இதில் எதைச் சுடலாம் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

உள்ளான்

அந்தப் பெட்டியை வாங்காமல் வந்தது நல்லது, நண்பரே. எஃகு ரவையை அந்தக் குழலில் ஒருபோதும் போட வேண்டாம். ஈயம் மென்மையானது, குழல் வாயில் இருக்கும் இறுக்கத்தில் நசுங்கி நெளிந்து வெளியேறிவிடும். எஃகு அப்படி நெளியாது. 1920களின் குழல் எஃகு மிருதுவானது, ஃபுல் சோக்கின் இறுக்கமோ அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அளவுக்கு இருக்கும். அந்த இடத்தில் எஃகு ரவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சுவரைத் தள்ளுவதால், வாயிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே மோதிரம் போல ஒரு புடைப்பு விழும். குழலின் வெளிப்புறத்தில் விரலை ஓட்டினாலே அது தட்டுப்படும், அதைச் சரிசெய்யவும் முடியாது.

பெயர்க் காரணத்துக்கு வருகிறேன். பலர் நினைப்பது போல, கூடுதல் வெடிமருந்தும் கூடுதல் ரவையும் போட்டதால் மட்டும் இவை தொலைதூரத் துப்பாக்கிகள் ஆகவில்லை. 3 அங்குலத் தோட்டாவில் இருந்தது 1⅜ அவுன்ஸ் ரவை, ஏறத்தாழ 39 கிராம். இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவின் 1¼ அவுன்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு சிட்டிகைதான். உண்மையான வித்தியாசம் ரவை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில் இருந்தது. 40 கெஜத் தொலைவில் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் மொத்த ரவையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதுதான் அமெரிக்காவில் அன்றும் இன்றும் அளவுகோல். ஃபுல் சோக் என்றால் 70 சதவீதம். இந்தத் தொலைதூரத் துப்பாக்கிகளைச் செய்தவர்கள் 80 சதவீதத்தை இலக்காக வைத்தார்கள்.

அந்தப் பத்துச் சதவீதத்தை சோக்கை மேலும் இறுக்கிப் பெற முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டா வெடிக்கும் கணத்தில் பின்வரிசை ரவைகள் முன்வரிசையின் எடையில் நசுங்குகின்றன. தோட்டா அறையிலிருந்து குழலுக்குள் நுழையும் கூம்புப் பகுதியில் மறுபடியும் நசுங்குகின்றன, சோக்கில் மூன்றாம் முறை. அந்தக் காலத் தோட்டாவில் ரவையைக் காக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் கிடையாது. அட்டையும் கம்பளித் தக்கையும் மட்டுமே. நசுங்கிய ரவை நேராகப் பறக்காமல் விலகிப்போகும், அல்லது வேகம் குறைந்து பின்தங்கும். அதனால் கூம்பை நீளமாகவும் மெதுவான சரிவாகவும் அமைத்தார்கள். குழலின் உள்விட்டத்தையும் 12 கேஜுக்குரிய 0.729 அங்குலத்தைவிடச் சற்று அகலமாக, 0.740ஐ ஒட்டிக் கடைந்தவர்கள் உண்டு. உங்கள் துப்பாக்கியின் எடை வெறும் இரும்பு எடை அல்ல. உள்ளே கடைய இடம் கொடுத்த எடையும் அதில் சேர்ந்திருக்கிறது.

முக்குளிப்பான்

உள்ளான் குழலைப் பற்றிச் சொன்னார். கதையின் மறுபாதி தோட்டாவில் இருக்கிறது. அது கிளுவை வசிக்கும் இடத்துக்கு மிக அருகில் நடந்தது என்பதை அவரே அறிந்திருப்பாரோ என்னவோ. ஆல்ட்டனை அடுத்த ஈஸ்ட் ஆல்ட்டனில்தான் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் இருந்தது. அதன் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஓலின் தாமே தீவிரமான வாத்து வேட்டைக்காரர். அதுவரை இருந்த புகையற்ற மருந்து ஒரே கணத்தில் எரிந்து ரவையைப் பின்னாலிருந்து உதைத்தது. படிப்படியாக எரியும் மருந்தைக் கொண்டு, ரவை குழலில் நகர நகரத் தொடர்ந்து தள்ளும் தோட்டாவை அவர் உருவாக்கினார். 1920களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த அந்த சூப்பர் எக்ஸ் தோட்டாவை விளம்பரப்படுத்தும்போது, வேகத்தைவிட ரவைச் சரம் குட்டையாக இருப்பதையே அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள். காகிதத்தில் வட்டமாகத் தெரிவது காற்றில் வட்டமல்ல. முன்னும் பின்னுமாகப் பல அடி நீண்ட ஒரு சரம். பறக்கும் பறவையின் மேல் அந்தச் சரத்தின் ஒரு பகுதி மட்டுமே படுகிறது என்பதால், சரம் குறுகினால் அதே சோக் அதிக தூரத்துக்குப் பயன்படும்.

இந்தத் தோட்டாவுக்கென்றே துப்பாக்கி வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1923இல் பிலடெல்ஃபியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எச்இ கிரேடு, அதாவது சூப்பர் ஃபாக்ஸ். 12 கேஜில் முந்நூறு அளவிலும், 20 கேஜில் அறுபது அளவிலும்தான் செய்தார்கள். 1909இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றதும் ஃபாக்ஸ் துப்பாக்கிதான் என்றாலும், வேட்டைக்காரர்கள் மனதில் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது வாத்துத் துப்பாக்கியே என்பது என் கருத்து. உங்கள் எல்.சி. ஸ்மித் அதற்கு அடுத்து, 1920களின் நடுவில் ஃபுல்ட்டன்காரர்கள் கொடுத்த பதில். 1932இல் இதாக்கா நிறுவனம் மூன்றரை அங்குல 10 கேஜோடு வந்தது. அதற்குரிய இரண்டு அவுன்ஸ் தோட்டாவும் வெஸ்டர்ன் செய்ததே. 1935இல் வின்செஸ்டர் தன் மாடல் 12 பம்ப் துப்பாக்கியின் 3 அங்குல ‘ஹெவி டக்’ வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு, விலை கூடிய இரட்டைக் குழல்களை வாங்குவோர் குறைந்துபோனார்கள்.

ஃபாக்ஸ் துப்பாக்கிகளில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குழல் கடைவதில் தேர்ந்த பர்ட் பெக்கர் என்ற கைவினைஞர் மெம்ஃபிஸைச் சேர்ந்த எழுத்தாளர் நாஷ் பக்கிங்ஹாமுக்காக ஒரு துப்பாக்கியைச் செய்து கொடுத்தார். எடை ஏறக்குறைய பத்துப் பவுண்ட், 3 அங்குலத் தோட்டா. அது வெடிக்கும் ஆழ்ந்த ஓசையைக் கேட்ட நண்பர் ஒருவர் ‘போ வூப்’ என்று பெயர் சூட்டினார். 1948 டிசம்பர் முதல் நாள், ஆர்கன்சாவின் கிளாரண்டன் அருகே வேட்டை முடிந்து திரும்பும்போது, உரிமங்களைப் பார்க்க அதிகாரி ஒருவர் வண்டியை நிறுத்தினார். பேசிக்கொண்டிருந்த வேளையில் காரின் மட்கார்டின் மேல் வைத்த துப்பாக்கியை எடுத்து வைக்க மறந்து கிளம்பிவிட்டார்கள். திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை; அவர் உயிரோடிருந்தவரை கிடைக்கவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கட்டை உடைந்த நிலையில் ஒரு குடும்பத்தாரிடமிருந்து அது வெளிவந்தது. 2010இல் ஏலத்தில் 2,01,250 டாலருக்கு விலைபோய், வாங்கியவர் அதை நீர்ப்பறவைகளின் ஈரநிலங்களைக் காக்கும் டக்ஸ் அன்லிமிட்டெட் அமைப்புக்கே கொடுத்துவிட்டார். இன்று மெம்ஃபிஸில் அதன் தலைமையகத்தில் இருக்கிறது.

கிளுவை

இருவருக்கும் மிக்க நன்றி. ஈஸ்ட் ஆல்ட்டன் வழியாக வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறேன், இது எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம். பெரியவர் 60 கெஜத்தில், சில நாள்களில் 70 கெஜத்திலும் மல்லார்ட் என்ற காட்டு வாத்துகளை வீழ்த்தியதாகச் சொல்வார். அவர் பொய் சொல்பவர் அல்லர். அப்படியானால் நானும் அந்தத் தூரத்தில் சுடலாம் அல்லவா?

நாமக்கோழி

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். மிசௌரியில் ஈரநிலப் பராமரிப்புப் பணியில் பல பருவங்கள் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். பெரியவர் வீழ்த்திய வாத்துகளை அவர் நினைவில் வைத்திருக்கிறார். இரண்டு ரவையைக் குடலில் வாங்கிக்கொண்டு, அடிபட்டதே தெரியாதபடி பறந்துபோய், மறுநாள் நாணலுக்குள் செத்துக் கிடந்தவை அவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றைக் கண்டவர்கள் எங்களைப் போன்றோர். ஜனவரிக் குளிரில் ஓரத்தில் உறைந்த பனிக்கட்டியைத் தட்டிவிட்டு ஒரு பெட்டை மல்லார்டைத் தூக்கியிருக்கிறேன். இறகு கலையவில்லை, ரத்தம் இல்லை. விரலால் மார்பு இறகை விலக்கிப் பார்த்தபோது நீலம் பாரித்த ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தது. 

கணக்கைப் பாருங்கள். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் குறுக்கே பறக்கும் வாத்தை 40 கெஜத்தில் சுட்டால், ரவை போய்ச் சேர ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி ஆகிறது. அதற்குள் வாத்து ஏழெட்டு அடி நகர்ந்துவிடும். 60 கெஜமானால் ஐந்தில் ஒரு வினாடிக்கும் மேல். வாத்து பன்னிரண்டு அடிக்கு மேல் போயிருக்கும். தூரத்தை ஐந்து கெஜம் தப்பாகக் கணித்தாலே பறவையின் பின்புறத்தில்தான் ரவை படும். துப்பாக்கி 80 சதவீதம் தரலாம். ஆனால் தூரத்தைக் கணிக்கும் கண் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

இன்னொன்று, ஈயம். ஆண்டுதோறும் சதுப்பு நிலங்களின் அடியில் விழுந்து சேர்ந்த ஈய ரவையை, இரை அரைக்கும் கூழாங்கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கின. இரைப்பையில் அது அரைபட்டு ரத்தத்தில் கலந்தது. இல்லினாயின் ஃப்ராங்க் பெல்ரோஸ் 1959இலேயே, நீர்ப்பறவைகளில் இரண்டு முதல் மூன்று சதவீதம் ஆண்டுதோறும் இப்படிச் சாகின்றன என்று மதிப்பிட்டார். அந்த வாத்துகளைத் தின்ற கழுகுகளும் செத்தன. அதன் பிறகும் முப்பது ஆண்டுகள் கழித்து, 1991இல்தான் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. சதுப்பில் ஈயம் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதை நண்பர் கிளுவை அறிந்திருப்பார். இழையைப் படிக்கும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

உள்ளான்

நாமக்கோழி அம்மையார் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். அந்த வடிவமைப்பின் பயன் 60 கெஜத்தில் மட்டும் இல்லை. 80 சதவீதம் தரும் துப்பாக்கி 45 கெஜத்தில் பறவையை ஐயமின்றி வீழ்த்துகிறது. 60 சதவீதம் தரும் துப்பாக்கி அதே இடத்தில் காயப்படுத்தி அனுப்பக்கூடும். எனவே அதை எட்டாத பறவையை எட்டுவதற்கான கருவியாகப் பார்க்காமல், எட்டும் பறவையைத் தப்பவிடாத கருவியாகப் பார்த்தால் நம் இருவர் கவலையும் ஒன்றுதான். நான் பழைய துப்பாக்கியோடு போகும் நாள்களில் 45 கெஜத்துக்கு ஒரு குச்சியை நட்டு வைப்பேன். பறவைகளை ஈர்க்க மிதக்கவிடும் பொய்வாத்துகளில் கடைசியானதை அந்தக் குச்சியருகே மிதக்கவிட்டு, அதற்கு அப்பால் போகும் எதையும் தொடுவதில்லை.

என்ன சுடலாம் என்ற கேள்விக்கு விடை பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் பிஸ்மத் 9.6ஐ ஒட்டியது, எஃகு 7.8தான். சிறிது வெள்ளீயக் கலப்போடு வரும் பிஸ்மத் ரவை சோக்கைத் தள்ளிக் கிழிக்காது. ஒரு குறை, அது நொறுங்கும் தன்மையுடையது. டங்ஸ்டன் தூளைப் பிளாஸ்டிக்கில் கலந்து செய்த டங்ஸ்டன் மேட்ரிக்ஸ் ரவை இன்னும் நெருக்கமாக ஈயத்தை ஒத்தது, விலைதான் அதிகம். எதுவானாலும் குறைந்த அழுத்தம் தரும் தோட்டாவையே தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் தோட்டா அறையின் நீளத்தை அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 3 அங்குலத் தோட்டா என்பது வெடித்து மடிப்பு விரிந்த பிறகான நீளம். மடித்த நிலையில் அது குட்டையாக இருப்பதால் இரண்டேமுக்கால் அங்குல அறைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும், மூடியும் அடைபடும். சுடும்போதுதான் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். முத்திரை மட்டும் போதுமான சான்றல்ல.

மரக்கொத்தி

நான் துப்பாக்கிக் கட்டைகளைச் செப்பனிடுபவன். குழலைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், எல்.சி. ஸ்மித்தின் பலவீனமோ மரத்தில் இருக்கிறது. அது பக்கத் தகடுகளில் இயங்குபொறியைப் பொருத்திய அமைப்பு. அந்தப் பொறிக்கு இடம் கொடுக்க மரத்தை இருபுறமும் குடைந்திருப்பார்கள், நடுவே மிஞ்சுவது மெல்லிய சுவர். ஃபாக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அதன் பொறியில் உறுப்புகள் சில மட்டுமே, அவையும் இரும்புச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் துப்பாக்கியைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தகட்டின் பின்முனை மரத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். தலைமுடி போன்ற கோடு ஒன்று மணிக்கட்டுப் பகுதியை (கட்டையில் கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தை) நோக்கி ஓடுகிறதா? ஓடினால், ஒரு துணியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு அங்கே ஒற்றி எடுங்கள். மேல்மரம் உடனே உலரும், விரிசல் மட்டும் கறுப்பாக ஈரம் காட்டிக்கொண்டிருக்கும். மெருகின் மேல் பூச்சு போய்விடும் என்பதால் அதிகம் தேய்க்க வேண்டாம்.

விரிசல் இருந்தால் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். பல பதிற்றாண்டு எண்ணெய் ஊறிய மரம் பசையைப் பிடிக்காது. முதலில் அந்த எண்ணெயை இழுத்து எடுக்க வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். பிறகுதான் பசை, உள்ளே தாங்கு. பொறுமையாகச் செய்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும்.

குழலையும் ஒரு முறை சோதியுங்கள். குழல்களைக் கழற்றி, அவற்றின் அடியில் உள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெதுவாகத் தட்டுங்கள். கோயில் மணி ஓய்வது போல ரீங்காரம் நீண்டு தேய்ந்தால் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று உறுதியாக இருக்கிறது. தகரத்தைத் தட்டியது போல ஓசை வந்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது.

முக்குளிப்பான்

ஒரு மாற்றுக் கருத்து. மிக நல்ல நிலையில், மெருகும் வேலைப்பாடும் கெடாமல் மிஞ்சியிருக்கும் சூப்பர் ஃபாக்ஸ் போன்றவற்றைச் சதுப்பின் ஈரத்துக்கும் சேற்றுக்கும் கொண்டுபோவதை நான் ஆதரிக்கவில்லை. எண்ணிக்கையே முந்நூறு அளவுதான். அடுத்த நூற்றாண்டில் ஒருவர் அந்தக் கூம்பை அளக்க விரும்பினால், கெடாத குழல் ஒன்றாவது இருக்க வேண்டும்.

மரக்கொத்தி

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் மேசைக்கு வருவனவற்றில் சுட்டுக் கெட்டவை குறைவு. உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி, ஈரம் ஏறித் துருப்பிடித்தவைதாம் அதிகம். மாதம் ஒரு முறை எடுத்துத் துடைப்பவர் கையில் இருக்கும் துப்பாக்கி நன்றாகவே இருக்கும். சுடுபவர் துடைக்கிறார், பூட்டி வைப்பவர் மறந்துவிடுகிறார். சூப்பர் ஃபாக்ஸைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிளுவையின் துப்பாக்கியோ அறுபது பருவம் உழைத்தது. அதன் மெருகு எப்போதோ பெரியவரின் உள்ளங்கையோடு போயிருக்கும்.

கிளுவை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மரக்கொத்தி ஐயா சொன்ன இடத்திலேயே, இடது தகட்டின் பின்னால், முக்கால் அங்குல விரிசல் இருந்தது. எண்ணெய் எடுத்து ஒட்டுவதற்கு நான்கு வாரம் ஆயிற்று. தோட்டா அறைகள் இரண்டும் 3 அங்குலமே என்று அளந்து உறுதிசெய்தார்கள். குழல் நன்றாக ஒலித்தது. என் மகள் அதை மூன்று முறை தட்டச் சொல்லிக் கேட்டாள்.

சென்ற சனிக்கிழமை சுடுதளத்தில் நான்கடி அகலக் காகிதங்களைக் கட்டி, 40 கெஜத்தில் ஒவ்வொரு குழலிலும் ஐந்து தோட்டாக்கள் சுட்டேன். இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா, 1¼ அவுன்ஸ் 4ஆம் எண் பிஸ்மத் (எண் ரவையின் பருமனைக் குறிக்கும்). முந்தைய இரவு ஒரு தோட்டாவைப் பிரித்துச் சமையலறை மேசையில் எண்ணியதில் 192 ரவை இருந்தது. சுட்ட பிறகு அடர்ந்த பகுதியை மையமாகக் கொண்டு வட்டம் வரைந்து, ஒவ்வொரு துளையையும் பென்சிலால் சுழித்து எண்ணினேன். வலது குழல் சராசரி 138, அதாவது 72 சதவீதம். இடது குழல் 146, 76 சதவீதம். ஆனால் ஆறு அங்குலம் மேலே அடிக்கிறது. சில துளைகள் மற்றவற்றைவிடச் சிறியவை, ஓரம் கிழிந்தவை. உள்ளான் சொன்ன நொறுங்கல் அதுதான் என்று நினைக்கிறேன்.

காகிதங்களைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, இடது குழல் மேலே அடிக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன், வாத்தின் காலுக்குக் கீழே பிடி என்றார். நாமக்கோழி அம்மையார் எழுதியதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். 70 கெஜக் கதையை அவர் மறுக்கவில்லை. அந்த நாள்களில் தம்மிடம் தேடி எடுத்துவரும் நாய் ஒன்று இருந்தது, அது வெறும் வாயோடு திரும்பிய நாள்களும் பல என்று மட்டும் சொன்னார். 45 கெஜக் குச்சியை அவரே தம் கொல்லையிலிருந்து வெட்டிக் கொடுத்தார்.

உள்ளான்

பிஸ்மத்துக்கு 76 சதவீதம் மிக நல்ல அளவு. சற்றுச் சிறிய 5ஆம் எண் ரவையையும் ஒரு முறை காகிதத்தில் பாருங்கள். 45 கெஜத்துக்குள் மல்லார்டுக்கு அது போதும், வட்டத்தில் இடைவெளியும் குறையும். வேட்டை முடிந்த ஒவ்வொரு நாளும் தகட்டை ஒட்டிய அந்த விரிசலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை உள்ளே வையுங்கள்.